அம்மாவின் குரல் யாரிடம் போனது?

ஜிப் ஃபைலைப் பிரித்ததும் 214 ஒலித்துண்டுகள் வரிசையாக நின்றன. மூன்றாவதைத் தட்டினேன். "பாலை இறக்கி வைடா, பொங்கிடப் போவுது." அம்மா குரல். பின்னால் குக்கர் விசில், குழந்தையின் அழுகை. அம்மா பேசிய தமிழை ஜெர்மன் என்று எண்ணி எங்கள் வீட்டு ஸ்பீக்கர் என்னென்னவோ எழுதி வைத்திருந்தது. அதில் உருப்படியான சொல் 'பால்' ஒன்றுதான். ஜெர்மனில் அதற்குப் பந்து என்று பொருள்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரில். 2023இல் மகள் பிறந்தபோது அம்மா மன்னார்குடியிலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருந்தார். சமையலறையில், பேசினால் பதில் சொல்லும் ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. யாருடைய தயாரிப்பு என்று சொல்லப் போவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் விழிக்கும் என்பார்கள். அம்மா அதை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவர் பேசும்போது அதன் விளக்கு அவ்வப்போது எரிந்து அணையும். அவர் ஊருக்குப் போன பிறகுதான் அந்த விளக்கு என்னை உறுத்த ஆரம்பித்தது.

என்னைப் பற்றி என்னென்ன வைத்திருக்கிறீர்கள் என்று எந்த நிறுவனத்தையும் கேட்க, ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் 15ஆம் பிரிவில் உரிமை தருகிறது. முதல் பிரதிக்குக் காசு கிடையாது. வக்கீல் வேண்டாம், படிவம் வேண்டாம், ஒரு மெயில் போதும். ஒரு மாதத்துக்குள் பதில் வர வேண்டும். சிக்கலான கோரிக்கை என்றால் மேலும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம். அதையும் முதல் மாதத்துக்குள்ளேயே காரணத்தோடு சொல்லிவிட வேண்டும்.

2011இல் மாக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற ஆஸ்திரிய சட்ட மாணவர் ஃபேஸ்புக்கிடம் இப்படிக் கேட்டு 1,200 பக்கம் வாங்கினார். பிறகு அவர் நடத்திய வழக்கில்தான், தரவை அமெரிக்காவுக்கு அனுப்ப வழிசெய்த 'சேஃப் ஹார்பர்' ஏற்பாடு 2015இல் செல்லாது என்று ஆனது. எனக்கு அந்த அளவுக்கெல்லாம் ஆசை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் மெயிலைத் தட்டி அனுப்பினேன்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது: பாஸ்போர்ட் நகல் அனுப்புங்கள். எனக்குக் கோபம். இருக்கிற தரவு போதாதென்று பாஸ்போர்ட் வேறா? நியாயமான சந்தேகம் இருந்தால்தான் கூடுதல் அடையாளம் கேட்கலாம் என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் காட்டிச் சண்டை போடத் தயாரானேன். அப்போதுதான் ஒரு பழைய செய்தி கண்ணில் பட்டது. 2018இல் இதே ஜெர்மனியில் தன் தரவைக் கேட்ட ஒருவருக்கு, முன்பின் தெரியாத இன்னொருவரின் சுமார் 1,700 ஒலிப்பதிவுகளை ஒரு நிறுவனம் தவறுதலாக அனுப்பியிருக்கிறது. அம்மாவின் குரல் அப்படி யார் கையிலாவது சிக்கினால்? கோபம் பாதியாக இறங்கியது. பாஸ்போர்ட் தர மாட்டேன், கணக்குக்குள் நுழைந்து உறுதிசெய்கிறேன் என்று எழுதினேன். ஒப்புக்கொண்டார்கள். அப்படித்தான் அந்த ஜிப் ஃபைல் வந்தது.

பதிவுகளைவிட என்னைத் துளைத்தது வேறு கேள்வி. இதை மனிதர்கள் யாராவது கேட்டார்களா? வீண் சந்தேகம் இல்லை இது. 2019இல் பெல்ஜியத்தின் விஆர்டி ஒலிபரப்பு நிறுவனம், கூகுள் அசிஸ்டன்ட் பதிவுகளை ஒப்பந்த ஊழியர்கள் கேட்டு எழுதுவதை வெளிக்கொண்டு வந்தது. என் பதிவுகள் யாருக்குப் போயின என்று கேட்டதற்கு வந்த பதில், "எங்கள் சேவைப் பங்காளிகளுக்கு". கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று கேட்டால் "சொந்தக்காரர்கள்" என்று சொல்வது மாதிரி.

இங்கேதான் எனக்குப் பயன்பட்டது ஒரு தீர்ப்பு. ஆஸ்திரிய அஞ்சல் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் (எண் சி-154/21) ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2023 ஜனவரி 12 அன்று சொன்னது: தரவு யாருக்குப் போனது என்று கேட்டால், வகையை மட்டும் சொல்லி ஒதுங்க முடியாது. இன்னார் என்று சொல்ல வேண்டும். யாரென்று கண்டறியவே முடியாது என்றாலோ, கோரிக்கை அடிப்படையற்றது அல்லது அளவு மீறியது என்று நிறுவனம் நிரூபித்தாலோ மட்டும்தான் விலக்கு. அந்த வழக்கு எண்ணைப் போட்டு நாலு வரி எழுதினேன். மௌனம்.

அடுத்தது புகார். முதலில் பான் நகரில் இருக்கும் மத்திய தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அனுப்பினேன். என் தப்பு. தனியார் நிறுவனங்கள் மீதான புகார்களைப் பெரும்பாலும் மாநில ஆணையங்கள்தான் பார்க்கின்றன. மாநிலத்துக்கு ஒன்று, பவேரியாவுக்கு மட்டும் இரண்டு. எங்களுடையது வீட்டிலிருந்து டிராமில் போகிற தூரத்தில் இருந்திருக்கிறது! புகாரில் இருந்தது ஒரே கேள்வி: பதிவுகள் போய்ச் சேர்ந்த நிறுவனங்களின் பெயர் எங்கே? மெயில்களைத் தேதி வரிசையில் இணைத்தேன். கதை எழுதவில்லை. கோப்பு எண் வந்தது. நிறுவனத்தின் ஐரோப்பியத் தலைமையகம் வேறு நாட்டில் இருப்பதால் புகார் அந்த நாட்டு ஆணையத்துக்குப் போகும் என்றார்கள். அந்த எண்ணை மறக்காமல் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்குள் நிலவரம் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.

அப்புறம் காத்திருப்பு. மகள் குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், சுவரைப் பிடித்து நின்றாள். பதில் வரும்போது நடந்துகொண்டிருந்தாள். இரண்டு பக்கக் கடிதம், நான்கு நிறுவனங்களின் பெயர்கள். மூன்று, தரவைச் சேமித்து வைக்க இடம் தருபவை. நான்காவது, பேச்சைக் கேட்டு எழுத்தாக்குவது. 214இல் ஆறு துண்டுகள் அங்கே போயிருக்கின்றன.

அந்த ஆறையும் தேடிக் கேட்டேன். ஒன்றில் அம்மா போனில் சித்தியோடு சண்டை. அம்மா எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அதனால் ஜெர்மனி பக்கமே வராத சித்தியும் அதில் தெளிவாகக் கேட்கிறார். தாத்தா நிலத்தில் அக்காவுக்கும் சரிபாதி உண்டு, நான் இல்லை என்று சொன்னேனா என்கிறார். பதினொரு விநாடி. அதைக் காதில் மாட்டிக் கேட்டவருக்குத் தமிழ் தெரிந்திருக்குமா என்று இன்றுவரை எனக்கு யோசனைதான்.

எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி 17ஆம் பிரிவின்படி எழுதினேன். அது சீக்கிரமே முடிந்தது. அன்று இரவு அம்மாவைக் கூப்பிட்டு முழுக்கதையையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"சித்தி சரிபாதின்னு சொன்னது அதுல இருக்காடா?"

"இருக்கும்மா."

"அவங்க அழிச்சா அழிச்சுட்டுப் போறாங்க. உன்கிட்ட இருக்கறதை மட்டும் அழிச்சுடாதே. எனக்கு அனுப்பி வை."