செப்டம்பர் நெருப்பு சின்னதாக இருக்கவேணும்

செப்டம்பர் 7

காலையில் வெளியே 6 பாகை, ஹோலில் 17. மத்தியானம் வெயில் ஏறினால் ஜன்னல் திறக்கவேண்டி வரும். நோர்வேயில் ஒஸ்லோப் பக்கத்துச் செப்டம்பரின் தொல்லையே இதுதான். கழித்தல் 12 என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, வீட்டைச் சூடாக்க விடிய மூட்டின விறகடுப்பு படுக்கும்வரை எரியும்.

"ஹீட் பம்ப் இருக்கேக்கை ஏன் உந்தக் கரிவேலை?" என்று இவர் கேட்டார். வெளிக்காற்றின் சூட்டைக் கரண்டில் உள்ளே இழுக்கும் மிசின் அது. நான் பதில் சொல்லாமல் விறகெடுக்கப் போனேன்.

எங்கள் அடுப்பு ஏறக்குறைய 6 கிலோவாட் சூடு தரும். இன்றைய குளிருக்கு அதில் மூன்றிலொரு பங்கே போதும். இந்த இடத்தில்தான் பலர் விறகை நிறைய அடுக்கி, காற்றுவாயை இறுக்கி மூடி, இரவிரவாகப் புகையவிடுகிறார்கள். ஊரில் தணலைச் சாம்பலால் மூடிக் காத்த கைகளுக்கு இது சிக்கனமாகத் தெரியும். ஆனால் காற்றுப் போதாத விறகிலிருந்து கிளம்பும் வாயுக்கள் எரியாமலே மேலே போய், குளிர்ந்த புகைக்கூட்டின் உட்சுவரில் தாராகப் படியும். அடுப்புக் கண்ணாடி கறுக்கும், அயலவர் மூக்கைப் பொத்துவார். ஜனவரியில் பெரிதாக எரிக்கும்போது அந்தத் தாரே பற்றிக்கொள்ளலாம்.

எனவே கொஞ்ச விறகு, நிறையக் காற்று. கொழுந்துவிட்டு எரிந்து முடியட்டும். இரும்பும் கல்லும் வாங்கின சூட்டை மெல்ல மெல்ல விடும்.

செப்டம்பர் 8

மூட்டும் முறையைத் தங்கச்சி போனில் கேட்டாள். கீழே இரண்டு தடித்த துண்டு, இடையில் கொஞ்சம் வெளி விட்டு. அதன்மேல் சுள்ளிகளைக் குறுக்கும் மறுக்குமாக நாலைந்து அடுக்கு. உச்சியில் பற்றவைக்கும் கட்டி. நெருப்பு மேலிருந்து கீழே இறங்கவேண்டும். "தலைகீழாச் சொல்லுறியள் அக்கா" என்றாள். ஊதுகுழலால் அடியில் ஊதி வளர்ந்தவளுக்கு அப்படித்தான் இருக்கும். கீழ் விறகிலிருந்து வரும் புகை சுவாலைக்குள்ளால் போகும்போது அதுவும் எரிந்துவிடுகிறது, புகைக்கூடும் சீக்கிரம் சூடாகிறது. காற்றுவாய் முழுக்கத் திறந்திருக்கவேண்டும், பெரிய துண்டுகள் பிடிக்கும்வரை தொடக்கூடாது.

செப்டம்பர் 14

மச்சாள் வந்திருந்தா. குசினியில் மீன் பொரியல், மேலே புகையிழுக்கும் மிசின் உச்ச வேகத்தில். நான் ஹோலில் அடுப்பு மூட்ட, புகை முழுக்க முகத்துக்கு வந்தது.

"மச்சாள், உந்த மிசினை நிப்பாட்டுங்கோ!"

"நிப்பாட்டினா உடுப்பெல்லாம் மீன் மணக்கும் பிள்ளை!"

இந்த நாட்டுப் புது வீடுகள் காற்றுப் புகாமல் இறுக்கமாகக் கட்டப்பட்டவை. மிசின் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாகவேண்டும், அதற்குப் புகைக்கூடுதான் லேசான வழி. குளிர்காலத்தில் உள்ளுக்கும் வெளிக்கும் 30 பாகைக்கு மேல் வித்தியாசம் இருக்கும், புகை தானாக மேலே ஓடும். செப்டம்பரில் வித்தியாசம் பத்துப் பாகைதான். இழுவை பலவீனம், மிசின் வென்றுவிடுகிறது. ஜன்னலைத் திறந்து, ஒரு பேப்பரைச் சுருட்டிக் கொளுத்திப் புகைபோகும் வாயருகே பிடித்துக் குழாயைச் சூடாக்கினேன். பிறகு சரி. உடுப்பில் மீனும் மணந்தது, புகையும் மணந்தது.

செப்டம்பர் 15

விறகு வாங்கினோம். 40 லீட்டர், 60 லீட்டர் சாக்குகளில் விற்கிறார்கள். ஆயிரம் லீட்டர் பெருஞ்சாக்கும் உண்டு. எல்லோரும் கேட்பது பேர்ச் மர விறகு. ஆனால் அதன் விசேஷமே பாரம், ஒரு துண்டுக்குள் நிறையச் சூடு. செப்டம்பருக்கு அது கூடிப்போகிறது. கிறிஸ்மஸ் மரச் சாதியான கிரான் லேசானது, சடசடவென்று எரிந்து முடியும். விலையும் குறைவு. இவர் பேர்ச்தான் வேண்டும் என்று நின்றார். இரண்டிலும் வாங்கினோம்.

ஈரம் 20 வீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும். மீற்றர் வைத்துப் பார்ப்பதென்றால் துண்டைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் பார்க்கவேண்டும், வெளிப்பக்கம் பொய் சொல்லும். பக்கத்து வீட்டு நோர்வே ஐயா, பேர்ச் துண்டின் ஒரு முனையில் பாத்திரம் கழுவும் சோப்பைப் பூசி மறுமுனையில் வாய் வைத்து ஊதிக் காட்டினார். காய்ந்த துண்டில் நுரை வருகிறது!

செப்டம்பர் 19

வெயில். அடுப்பில்லை.

செப்டம்பர் 24

புகைக்கூடு துப்புரவாக்கும் பெடியன் வந்தான். தீயணைப்புப் பகுதியின் ஆள், கட்டணம் நகரசபைக்கு வருடாவருடம் கட்டுவதற்குள் அடக்கம். கூரையில் பாதுகாப்பாக ஏற ஏணி வைத்துக்கொடுப்பது மட்டும் எங்கள் பொறுப்பு. அடுப்பை முதல்நாளே அணைத்து, வாய்களை மூடி வைத்திருந்தேன். விழுந்த கரியைக் காட்டினான்: உலர்ந்த தூள். கண்ணாடிபோல் மினுங்கினால்தான் பயப்படவேண்டுமாம்.

ஐயாவின் அடுப்பு பழசு. 1998 முதல் புதிதாகப் பூட்டுவது புகையையும் எரிக்கும் வகையாகவே இருக்கவேண்டும் என்பது இங்கத்தைய சட்டம். பழையதை இப்போதும் வைத்திருக்கலாம், ஆனால் பேர்கன் நகரில் 2021 தொடக்கம் அதற்கும் தடை. ஐயா மாற்றமாட்டாராம்.

செப்டம்பர் 29

விறகடுக்கில் பட்டை மேலேயா கீழேயா என்று ஐயாவுக்கும் அவர் மகனுக்கும் சண்டை. சிரிக்கவேண்டாம். 2013இல் நோர்வே அரசுத் தொலைக்காட்சி விறகைப் பற்றி 12 மணித்தியாலம் நிகழ்ச்சி போட்டபோதும் சனம் இதற்குத்தான் சண்டை பிடித்தது. கொட்டிலுக்குள் எப்படி வைத்தால் என்ன? காற்றுப் போனால் சரி.

அக்டோபர் 3

கணக்குப் பார்த்தோம். ஒரு கிலோ காய்ந்த பேர்ச் ஏறக்குறைய 4 கிலோவாட் மணி, நல்ல அடுப்பென்றால் அதில் 3 வீட்டுக்கு வரும். வெளியே 7 பாகை இருக்கும்போது ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நாலு யூனிட் சூடு தரும். சாக்கு விலையையும் சேர்த்தால் செப்டம்பரில் இவர் சொல்வதே சரி. எழுதிக் கொடுத்துவிட்டேன், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறார்.

ஆனால் நெருக்கடி வந்தால் ஒரு கிழமைக்குத் தாக்குப்பிடிக்க ஆயத்தமாக இருங்கோ என்று அரசாங்கமே 2024இல் வீடுவீடாகக் கையேடு அனுப்பியது. கரண்ட் நின்றால் பம்ப் நிற்கும். அதனால் நாளைக்கு இன்னொரு பெருஞ்சாக்கு வருகிறது, முழுக்கப் பேர்ச். இறக்கி அடுக்குவது இவர் வேலை.