காசல்ரீயில் ஒற்றை ஆள் படகு

ஜனவரி 18
காசல்ரீ, அட்டன் பக்கத்து மலை நீர்த்தேக்கம். படகு 14 அடி, பாய் இரண்டு, பெரிய பாயும் முன்பாயும். தம்பி கொழும்புக்கு வேலைக்குப் போனபிறகு ஆள் நான் மட்டும்தான். பாய் ஏற்றும் கயிறு இதுவரை பாய்மரத்தின் அடியில் கட்டியிருந்தது, இறக்கவேண்டுமென்றால் எழும்பி முன்னுக்குப் போகவேண்டும், போனால் படகு மூக்கைக் குத்திக்கொண்டு சுக்கான் தன்பாட்டுக்குத் திரும்பிவிடும். இன்று மரத்தடியில் ஒரு கப்பி வைத்துக் கயிற்றைப் பின்னால் என் இருக்கைக்கே கொண்டுவந்து, கயிற்றைக் கவ்விப் பிடிக்கிற பல் வைத்த கிளீட்டில் மாட்டினேன். மேல்நோக்கி ஒரு வெட்டு வெட்டினால் விட்டுவிடும்.

ஜனவரி 25
சுக்கான் பிடிக்கு சைக்கிள் டியூப். நீளமாக வெட்டி, படகின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு இழுத்துக் கட்டி, நடுவில் பிடியைச் சுற்றி இரண்டு சுற்று. கையை விட்டாலும் கொஞ்ச நேரம் நேராகப் போகிறது, தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கலாம். தள்ளினால் டியூப் இளகிக் கொடுக்கிறது. மரக்கட்டை வைத்து இறுக்கிவிடச் சொன்னார்கள், தனியாகப் போகிறவனுக்கு அது சரிவராது. தண்ணீரில் விழுந்தால் படகு நம்மை விட்டுவிட்டு நேராகப் போய்க்கொண்டே இருக்கும்.

பெப்ரவரி 1
இங்கே காற்று கடற்காற்று மாதிரி ஒரே பக்கமிருந்து வராது. மலை இடுக்கால் இறங்கி அறையும், அடுத்த நிமிடம் செத்துக் கிடக்கும். ஆகவே அறைந்தால் உடனே தளர்த்திவிடப் பெரிய பாயின் இழுகயிறு எப்போதும் கையில்தான், கிளீட்டே வைக்கவில்லை. பாய்மர உச்சியில் காற்றடைத்து மூடிய ஐந்து லீற்றர் கேன் ஒன்றும் கட்டியாயிற்று. பார்க்க அசிங்கம்தான், ஆனால் படகு சாய்ந்தால் முழுதாகக் கவிழ விடாது. சிவனொளிபாதமலை ஏற நல்லதண்ணிக்குப் போகிற யாத்திரைக்காரர் ஒருவர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, "அண்ணே, மேலே என்ன கேன், பெற்றோலா?" என்று கேட்டார்.

பெப்ரவரி 8
நிழல். குளிர் ஊர் என்று நினைத்து ஏமாறக்கூடாது, இந்த நீர்த்தேக்கம் கடல்மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கு மேலே. ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் புற ஊதாக்கதிர் ஏறக்குறைய 10 வீதம் கூடுகிறது, போதாததற்குத் தண்ணீரும் திருப்பி அடிக்கிறது. நிரந்தரக் கூரை போட இடமில்லை, பாயின் அடித்தடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசும்போது தலைக்கு மேலே ஒரு முழம்கூட மிஞ்சாது. ஓடும்போது தொப்பியும் நீளக்கைச் சட்டையும், நிற்கும்போது பந்தல். இதற்கு மேல் ஆசைப்படவில்லை.

பந்தலுக்குத் தேயிலை நாற்றுமேடைக்குப் போடுகிற பச்சை வலை. தார்ப்பாய் என்றால் காற்றைப் பிடித்துப் படகையே இழுத்துக்கொண்டு போகும், வலையில் காற்று ஊடுருவிப் போய்விடும். அடித்தடியை மரத்திலிருந்து வரும் ஒரு கயிற்றால் உயர்த்திவிட்டு, வலையை அதன்மேல் போட்டு, இரண்டு பக்கமும் மூங்கில் குச்சி கொடுத்தேன். மேற்குப் பக்கம் மட்டும் நீளமாகத் தொங்கவிட்டிருக்கிறேன், மூன்று மணி வெயில் கூரைக்குக் கீழால்தான் வரும். மூலைகள் எல்லாம் இழுத்தால் அவிழும் முடிச்சு.

பெப்ரவரி 15
தண்ணீர் இறங்கிக்கொண்டு வருகிறது, விமலசுரேந்திர மின்நிலையத்துக்கு இங்கிருந்துதான் போகிறது, ஆகவே கரை வாராவாரம் தள்ளிப்போகும். பந்தலைப் பிரித்துச் சுருட்டி இருக்கைக்கு அடியில் திணிக்கும்வரை கூடக் காற்று பொறுத்தது.

முன்பாயைச் சுருட்டும் உருளைக்குக் கொழும்பில் விலை கேட்டேன், படகின் விலையில் பாதி. வேண்டாம். முன்பாயின் தலையில் ஒரு மெல்லிய நைலோன் கயிறு கட்டி, படகின் மூக்கில் ஒரு கப்பி வழியாகப் பின்னால் கொண்டுவந்தால், ஏற்றும் கயிற்றை விட்டு இதை இழுக்க அது தானாகக் கீழே வரும். அட்டனில் ஹார்ட்வெயார் கடை திங்கட்கிழமை திறக்கும்.