கொக்குத்தொடுவாயும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்திலுள்ள கொக்குத்தொடுவாய் மனிதப் புதைகுழி பற்றிய ஆங்கிலச் செய்திகளில் 'எக்ஸ்யூம்' என்ற வினைச்சொல் அடிக்கடி வரும். புதைத்த உடலைத் தோண்டி எடுத்தல் என்று பொருள். இலத்தீனில் 'எக்ஸ்' வெளியே, 'ஹூமஸ்' மண். பயிருக்கு உரமாகும் உக்கிய இலைமண்ணுக்கும் அதே ஹூமஸ்தான் பெயர்.

2023 யூனில் குடிநீர்க் குழாய் பதிக்க வெட்டிய இடத்தில் எலும்புகள் தென்பட்டன. 2024 யூலை வரை 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அங்கே மண்வெட்டியைவிடத் தூரிகைக்குத்தான் வேலை அதிகம். எலும்போடு ஒட்டிய மண்ணை மெல்ல மெல்ல நீக்கினால் ஒரு துணித்துண்டு தெரியும். அந்தத் துணியின் நிறத்தைப் பத்திரிகைப் படத்தில் உற்றுப் பார்க்கும், காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் அம்மாக்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். எண்ணிக்கை அவர்களுக்குப் போதாது. பெயர் வேண்டும். மரபணுப் பரிசோதனையை இனியும் தள்ளிப்போடாதீர்கள்.