கருக் மொழி: களப்பணி நாட்குறிப்பு

பிப்ரவரி 5, திங்கள்

வடக்கு கலிபோர்னியா, கிளாமத் ஆற்றுப் பக்கம். கருக் மொழியைச் சிறுவயதிலிருந்தே பேசி வளர்ந்தவர்கள் இன்று மிகச் சிலர். அதனால் ரெக்கார்டரை எடுக்கும் முன்பே அனுமதி வேலையை முடித்துவிட வேண்டும். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேறு, பழங்குடி மன்றத்தின் ஒப்புதல் வேறு. முன்னது கிடைத்துவிட்டால் பின்னது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துத்தான் புதிதாக வரும் மாணவர்கள் சிக்குகிறார்கள். ஒப்புதல் படிவத்தில் மூன்று விஷயங்கள் கட்டாயம்: பதிவு யாருக்குச் சொந்தம், யார் யார் கேட்கலாம், பேசியவர் காலமானபின் யாரிடம் அனுமதி கேட்பது. கடைசியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

பிப்ரவரி 7, புதன்

வாசிப்பு. மொழியியலாளர் வில்லியம் பிரைட் கருக் மொழிக்கு எழுதிய 1957 இலக்கணத்தைப் படிக்காமல் ஆற்றுப் பக்கம் போவது வீண். 1949இல் கருக் பேசும் பெரியவர்களிடம் கேட்டு எழுதத் தொடங்கியவர். சூசன் கெரோடு சேர்ந்து செய்த அகராதி வந்தது 2005இல். இந்தத் தொழிலில் ஒரு மொழிக்கு ஆகும் காலம் அவ்வளவு. இடையில் பிரைட் கன்னடத்திலும் வேலை செய்திருக்கிறார். கலிபோர்னியப் பழங்குடி மொழிகளுக்கான ஆய்வுத் திட்டத்தை பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேரி ஹாஸோடு சேர்ந்து தொடங்கிய எமனோ, 1930களில் நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளைப் பதிவு செய்தவர். கலிபோர்னியா, இந்தியா இரண்டு பக்கமும் ஒரே களப்பயிற்சிதான்.

பிப்ரவரி 9, வெள்ளி

கருவிகள். வேவ் கோப்பு (ஒலியைச் சுருக்காமல் வைப்பது), 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி. எம்பி3 வேண்டாம்: சுருக்கும்போது கழிந்துபோகும் ஒலி விவரம் பிறகு திரும்பாது. மைக் தலையில் மாட்டுவதாக இருக்கட்டும். மேசையில் வைத்தால் தூரம் மாறிக்கொண்டே இருக்கும், காகிதச் சரசரப்பும் ஏறும். உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாமல் அளவு வைக்கலாம். இரைச்சலுக்காக ஃப்ரிட்ஜை அணைத்தால் கார் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். சாவியை எடுக்கப் போகும்போது ஃப்ரிட்ஜைத் திரும்பப் போடும் நினைவு வரும்.

பிப்ரவரி 13, செவ்வாய்

சொற்பட்டியல். ஒரு சொல்லை மூன்று முறை சொல்லச் சொல்வது வழக்கம். பட்டியல் வாசிக்கும் இழுப்பில் முதலிரண்டு முறையும் குரல் ஏறி, கடைசியில் இறங்கும். சுருதியால் அழுத்தம் காட்டும் கருக் போன்ற மொழியில் இது கோளாறு: சொல்லின் சுருதி எது, பட்டியலின் சுருதி எது என்று பிரிக்க முடியாது. ஒரே வாக்கியத்தின் நடுவில் சொல்லை மாற்றி மாற்றி வைத்துச் சொல்லச் சொன்னால் இது தீரும்.

இதைவிடப் பெரிய சிக்கல் திசை. நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் கருக், நீரோடும் பக்கம் யுருக், மேட்டுப்பக்கம் மருக், சரிவுப்பக்கம் சருக். வினைகளிலும் இந்தக் கணக்கு ஒட்டுகளாக ஏறுகிறது. ஆற்றைவிட்டு வெகுதூரத்தில் ஓர் அறையில் உட்கார்ந்து ‘அவன் போனான்’ என்பதைச் சொல்லுங்கள் என்றால், பேசுபவர் மனதில் ஏதோ ஓர் இடத்தை வைத்துத்தான் பதில் தருவார். அந்த இடம் நோட்டில் இல்லாவிட்டால், அடுத்த வாரம் அதே கேள்விக்கு வேறு வினை வரும்போது மொழியில் ஒழுங்கில்லை என்று தோன்றும். ஒழுங்கில்லாதது நோட்டுதான். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் சின்ன வரைபடம் போடுங்கள்: ஆறு, ஓட்டத்துக்கு ஓர் அம்பு, பேசுபவர் உட்கார்ந்திருக்கும் இடம், கதையில் ஆள் நிற்கும் இடம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

எழுத்துப்படி. ஒரு நிமிடப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் போனாலும் ஆச்சரியமில்லை. ஈலான் என்ற எழுத்துப்படி மென்பொருளில் நான்கு அடுக்கு: பேசியபடி, உருபன் (பொருள் தரும் மிகச்சிறிய துண்டு) பிரிப்பு, உருபன் பொருள், மொழிபெயர்ப்பு. தொடங்கியபின் ஒலிக்கோப்பின் பெயரை மாற்றினால் ஈலான் அதைத் தேடித் தவிக்கும்.

குரல்வளை அடைப்பொலிக்கு (தொண்டையில் மூச்சை ஒரு கணம் அடைத்து விடும் ஒலி) பழைய நூல்களில் புள்ளியில்லாத கேள்விக்குறி மாதிரி ஒரு குறி, இன்றைய எழுத்துமுறையில் ஒற்றை மேற்கோள் குறி. அந்த மேற்கோள் குறியும் நேராக ஒன்று, வளைந்து ஒன்று, ஒலியியல் எழுத்தாக ஒன்று. கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தாலும் கணினிக்கு மூன்றும் வேறு. தேடல் பொய்த்துப்போனால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பிப்ரவரி 22, வியாழன்

மொழியியலாளர் ஜே.பி. ஹாரிங்டன் 1915 முதல் 1954 வரை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காக ஊர் ஊராகப் போய் எழுதியது சுமார் பத்து லட்சம் பக்கம் என்பார்கள். சுமாஷ், முட்சன் முதலிய கலிபோர்னியப் பழங்குடி மொழிகளை மீட்க முயலும் குடும்பங்களுக்கு இன்று அதுதான் ஆதாரம். ஆனால் அந்தக் குவியலை ஒழுங்கு செய்து வாசிக்கத் தருவதற்கே மற்றவர்களுக்குப் பல்லாண்டு பிடித்தது. அந்த மனிதரின் காதுக்கு ஈடில்லை, கோப்பு முறையைப் பின்பற்ற வேண்டாம்.

மார்ச் 1, வெள்ளி

பதிவுகளின் ஒப்படைப்பு. பெர்க்லியின் கலிபோர்னிய மொழிக் காப்பகம் ஒன்று. லத்தீன் அமெரிக்க மொழியானால் ஆஸ்டினில் உள்ள காப்பகம். கோப்புப் பெயரில் தேதி, மொழிக் குறியீடு, பேசியவரின் குறியீடு, வரிசை எண். இடைவெளியும் மேற்கோள் குறியும் ஆகாது. பல்கலைக்கழகப் பதவி உயர்வுக் குழு கட்டுரைகளைத்தான் எண்ணும். சமூகம் கேட்பது பாடப் புத்தகமும் அகராதியும். நிதி விண்ணப்பத்திலேயே பின்னதற்கும் மாதக் கணக்கு ஒதுக்காவிட்டால் அது நடக்காது. பிரதிகள் மூன்று: காப்பகத்தில், உங்களிடம், பேசியவர் வீட்டில். வீட்டுக்குப் போகும் பிரதியை மட்டும் எம்பி3ஆக மாற்றி, அவர்கள் வைத்திருக்கும் ஃபோனில் ஓடுகிறதா என்று அங்கேயே போட்டுப் பாருங்கள்.