பிடிப்பதற்கல்ல, விடுவதற்குத்தான் தசைக்குத் தெம்பு வேண்டும்

ஒருவர் இறந்து சில மணி நேரத்தில் உடல் விறைக்க ஆரம்பித்துவிடும். விறைத்தபின் மடங்கிய கையை நீட்டுவது பெரும்பாடு. சாவு வீட்டில் பெரியவர்கள் முதல் காரியமாகக் கை கால்களை நேராக்கி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, வாய்க்கட்டும் போட்டுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். சரி, உயிரே போன உடம்புக்கு இப்படி இறுகிக்கொள்ளத் தெம்பு எங்கிருந்து வருகிறது?

வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியைப் பிய்த்தால் நூல் நூலாக வரும் இல்லையா, அந்த நூல்கள் தசையிழைகளின் கட்டுகள். நம் தொடையிலும் புஜத்திலும் இருக்கும் எலும்புத்தசையும் இதே கட்டுமானம்தான். கட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு இழையும் ஒரே ஒரு செல், ஆனால் பல உட்கருக்கள் உள்ள நீள நீளமான செல். அதற்குள் நுண்ணிழைகள், அவற்றின் நெடுக சார்கோமியர் என்ற துண்டுகள், ஒவ்வொன்றும் 2 மைக்ரோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதில் தடித்த மயோசின், மெல்லிய ஆக்டின் என்ற இரண்டு புரத இழைகள் ஒழுங்காக அடுக்கியிருப்பதால்தான் மைக்ராஸ்கோப்பில் குறுக்கே வரிவரியாகத் தெரிகிறது. தசை சுருங்கும்போது இந்த இரண்டுமே நீளம் குறைவதில்லை, ஒன்றையொன்று உரசியபடி நகர்ந்து உள்ளே போகின்றன. இதை 1954இல் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும் ஒரு பக்கம், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹேன்சனும் இன்னொரு பக்கம், நேச்சர் அறிவியல் இதழின் ஒரே வெளியீட்டில் எழுதினார்கள். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவுக்காரர்கள் இல்லை.

நகர்த்துவது மயோசினின் தலைகள். ஆக்டினைப் பிடித்து ஒரு இழுப்பு, அப்புறம் பிடியை விட்டு அடுத்த இடத்தில் பிடிக்க வேண்டும். அந்தப் பிடியை விடுவதற்கு ஒவ்வொரு முறையும் செல்லுக்குத் தெம்பு தரும் ஏடிபி மூலக்கூறு புதிதாக ஒன்று வந்து ஒட்டியாக வேண்டும். பிடிக்கச் சொல்லும் சமிக்ஞை கால்சியம்; இறந்தபின் அது கசிவதால் மயோசின் பிடித்துக்கொள்கிறது, ஏடிபி தீர்ந்துபோவதால் விட முடிவதில்லை. புரதங்கள் சிதையத் தொடங்கிய பிறகுதான் உடல் மறுபடி தளர்கிறது.

எனக்குத் தசையில் பிடித்த விஷயமே இதுதான், தளர்வது சும்மா இருப்பதல்ல, அதுவும் ஒரு வேலை.

இதயத்தசையில் இது இன்னும் நன்றாகத் தெரியும். அதிலும் வரிகள் உண்டு, ஆனால் செல்கள் குட்டையாக, கிளைவிட்டு, ஒன்றோடொன்று கோத்திருக்கும், ஒரு செல்லில் எழும் மின்தூண்டல் அடுத்ததற்குத் தாவிக்கொண்டே போகும். ஒருமுறை துடித்தபின் ஏறக்குறைய கால் நொடிக்கு அடுத்த தூண்டலை அது ஏற்காது. கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்வதுபோல இதயம் பிடித்துக்கொண்டு நிற்காமல் இருப்பது இதனால்தான். தளரும்போதுதான் அறைகளில் ரத்தம் நிரம்புகிறது, இடது கீழறையின் சுவருக்குத் தேவையான ரத்தம் பெரும்பாலும் போய்ச் சேர்வதும் அந்த நேரத்தில்தான். படபடவென்று அடிக்கும்போது முதலில் குறைவது இந்த ஓய்வுதான், அதனால் ரொம்ப நேரம் அப்படி அடித்தால் அலட்சியமாக விடாதீர்கள்.

எலும்புத்தசை, இதயத்தசைக்கு அடுத்து மூன்றாவது வகை மென்தசை. குடல், ரத்தக்குழாய், சிறுநீர்ப்பை, கருப்பை, மூச்சுக்குழாய் எல்லாவற்றின் சுவரிலும் இருப்பது. நடுவில் பருத்து இரு முனையும் கூரான கதிர் வடிவச் செல், ஒரே உட்கரு, வரிகள் கிடையாது. ஆக்டினும் மயோசினும் இதிலும் உண்டு, வரிசையாக அடுக்கப்படவில்லை, அவ்வளவுதான். மெதுவாகச் சுருங்கும், ஆனால் பிடித்தால் மிகக் கொஞ்சம் ஏடிபியை வைத்துக்கொண்டே நெடுநேரம் பிடித்திருக்கும். ரத்தக்குழாய்கள் நாள் முழுக்க இறுக்கம் குலையாமல் இருப்பதற்கு இந்தச் சிக்கனம் உதவுகிறது.

அதே பிடிவாதம் மூச்சுக்குழாயில் வந்தால்தான் ஆபத்து. ஆஸ்துமாவில் இழுப்பு வரும்போது அந்த மென்தசை இறுகி வழியைக் குறுக்கிவிடுகிறது. சால்பியூட்டமால் இன்ஹேலர் அந்தத் தசையைத் தளர்த்துகிறது, சில நிமிடங்களிலேயே மூச்சு வழி விரிகிறது.