ஆச்சிக்குத் துணையாக

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில், அல்சைமர் என்னும் மறதி நோய் கண்ட 88 வயது ஆச்சி ஒருவருக்குத் துணையாக இருக்கிறேன். காலையில் சாப்பிட்ட இட்லி பத்து மணிக்கு நினைவில் இராது. ஆனால் 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது, ரங்கூனிலிருந்த அப்பச்சிக்காக (அப்பாவுக்காக) வீடே காத்திருந்தது அப்படியே இருக்கிறது. புதிய நினைவுகளைப் பதியும் மூளைப்பகுதியை அல்சைமர் நோய் முதலில் தாக்குவதே இதற்குக் காரணம்.

பொழுது சாயும்போது பதற்றம் கூடும். சொந்த வீட்டுப் பட்டாலையில் (கூடத்துத் திண்ணையில்) உட்கார்ந்துகொண்டே, "அப்பச்சி வந்திருப்பாக, வீட்டுக்குப் போகணும்" என்பார். அப்பச்சி எப்போதோ இறந்துவிட்டார் என்று உறவினர் ஒருவர் திருத்தப்போய், அன்றுதான் துக்கச் செய்தி கேட்டவர்போல ஆச்சி இரவெல்லாம் அழுதார். நான் திருத்துவதில்லை. "அப்பச்சி என்ன கொண்டு வருவாக ஆச்சி?" என்று கேட்டால், பேச்சு பர்மாத் தேக்குக்கும் கவுனி அரிசிக்கும் திரும்பிவிடும். விளக்கை முன்னதாகவே போட்டுவிட்டால் பாதிப் பதற்றம் வருவதேயில்லை.

பூப்போட்ட வண்ண ஓடுகளான ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை வருகிறவர்கள் எல்லோரும் படமெடுக்கிறார்கள். ஆச்சியோ அதிலுள்ள பூவைக் குனிந்து பொறுக்கப் பார்க்கிறார், கறுப்புப் பட்டையைப் பள்ளமென்று நினைத்துத் தாண்டக் காலைத் தூக்குகிறார். கையைப் பிடித்து இழுக்காமல், பக்கத்தில் நின்று முழங்கையைத் தாங்கியபடி கூடவே நடக்க வேண்டும். (ஒரு தெருவில் நுழைந்து மறு தெருவில் முடியும் வீட்டில், ஆச்சி வெளியே போய்விடாதபடி எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பார்ப்பதே தனி வேலை.)

ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் கூடினால், நோய் முற்றிவிட்டதென்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நீர்க்குறைவு, மலச்சிக்கல், புதிய மாத்திரை ஆகியவற்றாலும் அப்படி வரலாம்; அவை பெரும்பாலும் சரிசெய்யக் கூடியவை என்பதால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.