வேன் ஓட்டுகிற அண்ணன் எப்போது தூங்குவார்?

சென்னையிலிருந்து திருச்செந்தூருக்குக் குடும்பத்தோடு வேன் பிடித்துப் போகிறவர்கள் போடும் திட்டம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். எல்லாரும் வேலை முடித்து வந்து ராத்திரி 9 மணிக்கு இட்லிப் பொட்டலத்தோடு ஏறுவது, விடிந்ததும் கடலில் குளியல், தரிசனம், அப்படியே கன்னியாகுமரி, அன்று ராத்திரியே திரும்புவது. லாட்ஜ் வாடகையும் மிச்சம், லீவும் மிச்சம். போக மட்டும் 600 கிலோமீட்டருக்கு மேல். இதில் ஓட்டுகிறவர் எப்போது தூங்குவார் என்று யாரும் கேட்பதில்லை.

பகலில் தூங்கிக்கொள்வார் என்கிறோம். கோயில் பார்க்கிங்கில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வெயிலில் காய்கிற வண்டிக்குள் சீட்டைச் சாய்த்து, முகத்தில் துண்டைப் போட்டுப் படுத்திருப்பார். உடனே ஒருவர் கண்ணாடியைத் தட்டுவார், "அண்ணே, கதவைத் திறங்க, பாப்பாவோட பால் பாட்டில் உள்ள இருக்கு." அப்புறம் செருப்பை வைக்க ஒருவர், ஈரத்துணியைப் போட ஒருவர். அது தூக்கமே இல்லை.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. நம் சட்டம் விடுகிற வரம்பே 30 மில்லிகிராம்தான். காலை 6 மணிக்கு எழுந்தவருக்கு ராத்திரி 11 மணிக்கே 17 மணி நேரம் ஆகிவிடுகிறது, நம் வேன் அப்போது திண்டிவனம் பக்கம்தான் போய்க்கொண்டிருக்கும்! உடம்பு தூக்கத்துக்கு அதிகம் ஏங்குகிற 2 மணியிலிருந்து 5 மணி வரை, திருச்சியைத் தாண்டி துவரங்குறிச்சி, மேலூர் என்று ஆளில்லாத நேர்ரோடு. வண்டியில் அத்தனை பேரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் 4 நொடி கண் அசந்தால் வண்டி 90 மீட்டர் கிட்ட ஓடியிருக்கும், ஓரத்தில் லைட் போடாமல் ஒரு லாரி நின்றால் பிரேக்கில் கால் வைக்கக்கூட நேரமிருக்காது.

முன்சீட்டில் உட்காருகிறவர் தயவுசெய்து தூங்காதீர்கள். ஓட்டுகிறவர் பிடரியைத் தேய்க்கிறாரா, கண்ணாடியை இறக்கி ஏற்றுகிறாரா, பாட்டுச் சத்தத்தைக் கூட்டுகிறாரா, பேச்சு நின்றுபோய் வண்டி வெள்ளைக்கோட்டைத் தொட்டுத் தொட்டு வருகிறதா என்று பாருங்கள். அப்போது பாட்டும் காற்றும் முகம் கழுவுவதும் சில நிமிடத்துக்குத்தான் தாங்கும். "நிறுத்திக்கலாம் அண்ணே" என்று நீங்களே சொல்ல வேண்டும், அவராகச் சொல்ல மாட்டார், பேட்டாவும் அடுத்த டிரிப்பும் நம் கையில் இருக்கிறது என்று நினைப்பார். வெளிச்சமான பெட்ரோல் பங்க்கில் ஒதுக்கி, ஒரு காபி குடித்த கையோடு 20 நிமிடம் படுக்கட்டும். காபி வேலை செய்யவே அரை மணி நேரம் கிட்ட ஆகும், அதற்குள் ஒரு குட்டித்தூக்கமும் முடிந்திருக்கும். ஆனால் இது பக்கத்து ஊரில் தங்குகிற இடம் வரை போய்ச்சேர மட்டும்தான், விடியவிடிய ஓட்டுவதற்கு இல்லை.

வண்டி பேசும்போதே, "நேத்து ராத்திரி இவர் எங்கே ஓட்டினார்?" என்று டிராவல்ஸில் கேளுங்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை என்று சொல்லிவிட்டது. தங்குகிற இடத்தில் அவருக்கும் ஒரு ஃபேன் போட்ட அறை எடுங்கள், சாவியை அவரிடமே கொடுத்துவிட்டு, வேண்டிய பைகளை எல்லாம் முதலிலேயே இறக்கிவிடுங்கள்.

விடிகாலை விஸ்வரூப தரிசனம் பார்த்தே ஆகணும் என்று அத்தை சொன்னால், சரி, முந்தின நாள் காலையில் கிளம்பி, ராத்திரி திருச்செந்தூரில் தூங்கி எழுந்து பார்க்கலாமே. ஒரு நாள் லீவு கூடப் போகும். போகட்டும்.